சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்

1919-ம் வருஷம் ஆவணி மாசம் என் மகன் சூசை செத்துப்போனான். எட்டு மாசப் பிள்ளை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. காலையில ஆயாக்கொட்டாயில விட்டுட்டுப் பால்வெட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டாங்க. வாளியை மரத்தடியிலயே போட்டுட்டு ஓடினேன். பிள்ளை தொட்டில்ல தூங்குற மாதிரியே கிடந்தான். உதடு மட்டும் நீலமா இருந்தது.

என் பேர் மதலேனம்மாள். ஜொகூர்ல கூலாய்க்கும் பொந்தியானுக்கும் நடுவுல ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுறேன். எழுத்து கொஞ்சம்தான் தெரியும். உபதேசியார் சம்சாரம் ஞானோபதேசத்தோட சேர்த்துச் சொல்லிக் குடுத்தது. கோயில் சனங்களுக்கு இதைச் சொல்லுன்னு பூசை வைக்கிற சாமி சொன்னார். நின்னு பேச எனக்கு வராது. அதனால எழுதுறேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

வேலைக்குப் போற தாய்மார் பிள்ளைங்களை ஆயாகிட்ட விட்டுட்டுப் போவோம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரே ஆயா. அப்போ ஆயாவா இருந்தவ சலேத்தம்மா. இருபது வயசு இருக்கும். அவளும் வேதக்காரிதான். ஒரே கப்பல்ல வந்தோம். தோட்டத்து வரிசை வீடான லயத்துல எனக்குப் பக்கத்து வீடு.

கங்காணி கேட்டப்போ அவ மறைக்கலை.

"எட்டு மணிக்கு முழிச்சு அழ ஆரம்பிச்சான். நிறுத்தவே இல்லை. தூங்கட்டும்னு கடுகளவு அபின் நாக்குல வச்சேன்" அப்படின்னு சொன்னா.

அந்தக் காலத்துல அது புதுசு இல்லை. லயத்துல பாதி வீட்டுல ஒரு சின்னத் தகர டப்பி இருக்கும். பல்லு முளைக்கிற பிள்ளைக்கு, வயித்துவலிப் பிள்ளைக்கு, சும்மா அழுற பிள்ளைக்கு. கடுகளவு. எங்க அம்மாமாரும் எங்களுக்குக் குடுத்து வளர்த்ததுதான். யாருக்கும் அது விஷம்னு தோணலை.

தொரை அவளை ஆயா வேலையிலிருந்து எடுத்துட்டார். புல்லு வெட்ட அனுப்பினாங்க. லயத்துல யாரும் அவகூடப் பேசலை. தண்ணிக் குழாய்ல அவ வந்தா எங்க லயத்து ரோசம்மா சத்தமாச் சொல்லுவா: "ஏய், ஆயாம்மா வர்றா. கொட்டாவி விடாதீங்கடி, தூங்க வச்சிடுவா." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் நிப்பேன். சிரிக்க மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைச் சொல்லாம விடுறேன். அதுக்கு இடம் வரும். அப்போ சொல்றேன்.

எங்க லயத்துல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல பலகைச் சுவர். கூரை வரைக்கும் போகாது. மேலே இரண்டு முழம் திறந்து கிடக்கும். அவ இருமினா எனக்குக் கேக்கும். நான் அரிசி களைஞ்சா அவளுக்குக் கேக்கும். அப்படி ஏழு வருஷம் இருந்தோம். ஒரு வார்த்தை பேசலை.

சாயங்காலம் விளக்கேத்தி ஜெபமாலை சொல்லுவேன். பரலோக மந்திரத்துல, எங்களுக்குத் தீமை செய்தவங்களை நாங்க பொறுக்கிறோம்னு வரும்ல, அந்த இடத்துல வாயை மூடிக்குவேன். பொய் சொல்லக்கூடாதுன்னு. கொஞ்சம் நின்னுட்டு அடுத்ததுக்குப் போவேன். என் புருஷன் இன்னாசி பக்கத்துலதான் முழங்கால்ல இருப்பார். ஒண்ணும் கேக்க மாட்டார்.

நடுவுல இரண்டு தடவை கரு தங்கலை. இது தண்டனையோன்னு அப்போதான் எனக்குப் பயம் வந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை சாமி வருவார். மத்த ஞாயிற்றுக்கிழமைகள்ல உபதேசியார் கூலாயிலிருந்து நடந்து வந்து, காலையில ஆள் பேர் கூப்பிடுற பெரட்டுக் கொட்டாயில செபம் சொல்லி, புனிதரான அர்ச்சிஷ்டவங்க சரித்திரம் வாசிப்பார். 1926-ல ஒரு மூணு வாரம் மன்னிப்பைப் பத்தியே வாசிச்சார். எனக்காகத்தான் வாசிக்கிறார்னு நினைச்சு கோவம் வந்தது.

முதல் வாரம் முடியப்பர். கல்லால அடிச்சவங்களுக்காக வேண்டிக்கிட்டே செத்தார். நான் மனசுல சொன்னேன்: அவர் உடனே மோட்சத்துக்குப் போயிட்டார். அடிச்சவன் பக்கத்து வீட்டுல ஏழு வருஷம் அவர் குடியிருக்கலை.

அடுத்த வாரம் குவால்பேர்த்து அருளப்பர். அண்ணனைக் கொன்னவனைப் பெரிய வெள்ளிக்கிழமை ஒரு சந்துல பார்த்தார். கையில வாள். அவன் சிலுவை மாதிரி கையை விரிச்சு மண்டி போட்டான். விட்டுட்டார். அதுக்கும் நான் சொன்னேன்: ஒரு நாள் காரியம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு.

மூணாவது வாரம் சந்தால் பிராஞ்சீஸ்கம்மாள். பிரான்சு தேசத்துப் பெரிய வீட்டுப் பொம்பிளை. வேட்டைக்குப் போன இடத்துல சொந்தக்காரன் சுட்ட குண்டு கை தவறி அவங்க புருஷன்மேல பட்டது. புருஷன் சாகுறதுக்கு முந்தியே அவனை மன்னிச்சிட்டார். அந்தம்மாவால முடியலை. அவன் பேரைக் கேட்டாலே உடம்பு நடுங்குமாம். வருஷக்கணக்கா அப்படி இருந்தாங்க. சாமிமாருக்கெல்லாம் தலைவரான ஒரு மேற்றிராணியார் சொன்னாராம், தேடிப்போக வேண்டாம், ஆனா எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பாதேன்னு. அப்படியே கொஞ்சம் கொஞ்சமா வந்து, கடைசியில அவன் பிள்ளைக்கே ஞானத்தாயா நின்னாங்க.

இதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. வருஷக்கணக்கா முடியாம இருந்திருக்காங்க. அப்படியும் அர்ச்சிஷ்டவளா ஆகியிருக்காங்க. அன்னைக்கே அந்தம்மாளைப் பிடிச்சுக்கிட்டேன். அப்போ நான் ரெண்டு மாசம் முழுகாம இருந்தேன்.

சாமி வந்தப்போ, பாவத்தை ஒப்புக்கிற பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். வெள்ளைக்காரச் சாமி, ஆனா தமிழ் நல்லாப் பேசுவார்.

"மன்னிக்க மனசு இல்லை சாமி."

"மனசு வேணும்னாவது கேக்குறியா?"

"கேக்கலை."

"கேளு. கேக்கறதுக்குக் காசா பணமா?"

கேட்டேன். ஆறு மாசம் தினமும் கேட்டேன். பிள்ளை உயிரோட வேணும்னு கேட்டேன், மனசு வேணும்னும் கேட்டேன். சந்தால் அம்மாள் செஞ்சதை நானும் செஞ்சு பார்த்தேன். குழாயடியில சலேத்து வந்தா முகத்தைத் திருப்பலை. ஒரு நாள் "தண்ணி கலங்கலா வருது" அப்படின்னு சொன்னேன். அவ குடத்தைக் கீழே போட்டுட்டா. ஏழு வருஷத்துல அதுதான் முதல் பேச்சு. "ஆமாக்கா" அப்படின்னா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். மலை ஏறி வந்த மாதிரி உடம்பு வலிச்சது. ஜெபமாலையில அந்த இடம் வந்தா அப்பவும் வாய் திறக்கலை.

மார்கழியில வெள்ளம் வந்தது. அந்தப் பெருவெள்ளத்தைப் பார்த்தவங்க இன்னும் நிறையப் பேர் இருக்கீங்க, நான் சொல்ல வேண்டியதில்லை. பாலம் போயிடுச்சு. கூலாய் ரோடு தண்ணிக்குள்ள. லயம் மேட்டுல இருந்ததால தப்பிச்சோம். சுத்தியும் தண்ணி.

அந்த வெள்ளத்துல எட்டாம் மாசத்திலேயே எனக்கு வலி வந்தது. பெண் பிள்ளை. ஒரு கைக்குள்ள அடங்குற பிள்ளை. பிழைக்குமோ பிழைக்காதோன்னு இன்னாசி அப்பவே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தார். பிராஞ்சீஸ்கான்னு பேர். மறுநாள் எனக்குக் குளிர் காய்ச்சல் பிடிச்சுது. மார்ல பால் இல்லை. டப்பாப் பால் கரைச்சு ஊத்தினோம். குடிச்சது எல்லாம் வாந்தி. மருந்து குடுக்குற டிரசரைக் கூப்பிட இன்னாசி ஆத்துக்குப் போனார். சம்பான் படகு வச்சிருந்த பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஆத்தைப் பார்த்துட்டு, வேண்டாம், நீயும் சாவேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டார்.

மூணாம் நாள் மத்தியானம் பிள்ளை அழுற சத்தம் குறைஞ்சுபோச்சு. பூனைக்குட்டி மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடுது.

லயத்துல அப்போ பால் குடுக்குற பொம்பிளை ஒருத்திதான். சலேத்து. அவளுக்குப் பத்து மாசப் பையன் இருந்தான்.

இன்னாசி என்கிட்ட வந்து நின்னார். "கூப்பிடட்டுமா?" அப்படின்னார்.

யாரைன்னு நான் கேக்கலை.

"மதலேன். பிள்ளை போயிடும்."

"தெரியுது."

அந்தக் கையில இன்னொரு பிள்ளையைக் குடுக்கணும். என்னால முடியலை. பயமா கோவமான்னு எனக்கே தெரியலை. வேற வழி தெரியாம பரலோக மந்திரம் சொன்னேன். காய்ச்சல்ல சத்தமாத்தான் சொல்லியிருக்கேன். அந்த இடம் வந்தது. வழக்கம்போல நின்னுட்டேன்.

அப்போ அந்த வரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. சலேத்து குரல். மெதுவா, முழுசா, ஒரு வார்த்தை விடாம.

இன்னாசி தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"சலேத்து" அப்படின்னு கூப்பிட்டேன். "வா."

உடனே வரலை. தண்ணி ஊத்துற சத்தம் கேட்டது. அப்புறம் வாசல்ல வந்து நின்னா. முழங்கை வரைக்கும் ஈரம். இரண்டு கையையும் விரிச்சு எனக்குக் காட்டுனா.

"பாருக்கா. ஒண்ணும் இல்லை. நல்லாக் கழுவிட்டேன்."

"கையை எதுக்குடி காட்டுற. பிள்ளையைத் தூக்கு."

தூக்கினா. முதல்ல பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை. பாலைப் பீச்சி உதட்டுல விட்டா. சொட்டுச் சொட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு வாய் பிடிச்சுது. மடக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் இன்னொண்ணு.

"அந்த வரியை எதுக்குச் சொன்ன?" அப்படின்னு கேட்டேன்.

"தினமும் சொல்றதுதான். நீ நிறுத்துற இடத்துல நான் உனக்காகச் சொல்லிடுவேன். இன்னைக்கு வாய்விட்டு வந்துடுச்சு. கோவிச்சுக்காத."

இப்போ நான் விட்ட விஷயத்தைச் சொல்றேன்.

சூசை செத்த அன்னைக்கு விடியக்காலையில நானும் அவனுக்கு அபின் குடுத்தேன். பல்லு முளைச்சு ராத்திரி பூரா அழுதான். அழுற பிள்ளையைக் கொண்டுபோனா ஆயா திருப்பி அனுப்பிடுவா, அன்னைக்கு வேலை போயிடும்னு குடுத்தேன். சலேத்துகிட்ட சொல்லலை. அவ தெரியாம மறுபடியும் குடுத்தா. இரண்டும் சேர்ந்துதான் என் பிள்ளை போனான். கங்காணி விசாரிச்சப்போ நான் வாய் திறக்கலை. புருஷனுக்கும் தெரியாது. சாமிகிட்டயும் அதை மட்டும் மறைச்சேன். அவளை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவுக்கு அதை மறக்க முடிஞ்சது.

அன்னைக்கு அதை அவகிட்ட சொன்னேன்.

"சலேத்து, அன்னைக்கு நானும் குடுத்தேன்."

"என்னது?"

"அபின். பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி. உன்கிட்ட சொல்லலை."

அவ என்னையே பார்த்தா. பிள்ளை குடிச்சுக்கிட்டே இருந்தது.

"சொல்லியிருந்தா நான் வச்சிருக்க மாட்டேனே."

"தெரியும்."

"ஏழு வருஷம்க்கா. என் புருஷன்கூட நான் பெத்த பிள்ளைக்கு என் கையால மருந்து குடுக்க விடலை. தெரியுமா உனக்கு?"

எனக்கு அது தெரியாது. சுவருக்கு மேலே எல்லாம் கேக்கும்னு நினைச்சிருந்தேன். அது கேக்கலை.

பிள்ளையைப் பாய்ல படுக்க வச்சா. எழுந்து போயிட்டா. வாசல்ல நின்ன இன்னாசியும் மழையில இறங்கிப் போனார்.

வீட்டுல நானும் பிள்ளையும்தான். குடிச்ச பால் இரண்டு மணி நேரம் தாங்கும். அதுக்கப்புறம்? அவ வரலைன்னா பிள்ளை போயிடும். வான்னு சொல்ல எனக்கு இனி வாய் கிடையாது.

அப்போதான் எனக்கு விளங்குச்சு. ஆறு மாசமா சந்தால் அம்மாள்னு என்னை நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லை. நான்தான் துப்பாக்கிக்காரன். மன்னிக்க மனசு வேணும்னு கேட்டேனே, அது எனக்கு வேண்டியதே இல்லை. அவளுக்குத்தான் வேணும். நான் கேக்க வேண்டிய இடமே வேற.

அழுதேன். சூசை செத்தப்போகூட அப்படி அழலை. சேசுவே, அவளுக்கு மனசு குடும். எனக்காக இல்லை, இந்தப் பிள்ளைக்காக. சந்தால் அம்மா, அவளுக்குத் துணையா நில்லும். அப்புறம் பரலோக மந்திரத்தை முழுசாச் சொன்னேன். பொறுக்கிறோம்ங்கிற வரியையும் சொன்னேன். என்னைப் பொறுத்துக்கச் சொல்ற வரியை இன்னொரு தடவையும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இருட்டுறதுக்கு முந்தி பிள்ளை அழுதது. கொஞ்சம் தெம்பான அழுகை. நான் தூக்கி மார்ல போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. அழுகை கூடுது.

கதவு திறந்தது.

"பிள்ளை அழுவுது. கேக்கலையா உனக்கு?"

"கேக்குது."

"பின்ன கூப்பிடறதுக்கு என்ன? கையில குடு."

சனங்களே, நான் கேட்ட நாளிலேயே சர்வேசுரன் பதில் குடுத்தார். இதை நான் அடிச்சுச் சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்ச மத்த சத்தியம் எதுவும் இதைவிடப் பெரிசு இல்லை.

சலேத்துக்கு அது லேசா இருக்கலை. நாலாம் நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். "பால்தான் குடுக்குறேன். மன்னிச்சேன்னு இன்னும் சொல்லலை. அது வேற" அப்படின்னு சொன்னா. சரின்னு இருந்தேன். அவளை அவசரப்படுத்த நான் யார்? இன்னாசி என்கிட்ட பேசவும் ஆறு நாள் ஆச்சு. பேசினப்போ ஒண்ணுதான் கேட்டார்: "டப்பி எங்கே?" சூசை செத்த அன்னைக்கே ஆத்துல போட்டுட்டேன்னு சொன்னேன். "இனிமே எதையும் தனியாச் சுமக்காத" அப்படின்னார். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசினதே இல்லை.

வெள்ளம் வடிஞ்சு, காய்ச்சல் விட்டு, பிள்ளைக்குக் கன்னம் வச்சுது. மாசி மாசம் சாமி வந்தார். விட்டுப்போன சடங்கை எல்லாம் முடிக்கணும், ஞானத்தாய் யாருன்னு கேட்டார். நான் சலேத்தைப் பார்த்தேன். அவ தலையை ஆட்டுனா. வேண்டாம்னு.

"ஊரு என்ன சொல்லும்க்கா. பிள்ளையைக் கொன்னவ ஞானத்தாயான்னு கேப்பாங்க."

அதுல நியாயம் இருந்தது. பூசை முடிஞ்சதும் யாரும் போகாதீங்கன்னு சொன்னேன். பெரட்டுக் கொட்டாயில கங்காணி, கணக்கு எழுதுற கிராணி, வேதக்காரங்க, இந்துக்காரங்க எல்லாரும் இருந்தாங்க. நாலு வார்த்தைதான் சொன்னேன். அன்னைக்குக் காலையில நானும் என் பிள்ளைக்கு அபின் குடுத்தேன். சலேத்துகிட்ட மறைச்சேன். அவ கொலைகாரி இல்லை. ஏழு வருஷம் அவளை நான் பழி சுமக்க வச்சேன்.

ரோசம்மாதான் முதல்ல எழுந்தா. திட்டப் போறாள்னு நினைச்சேன். நேரா சலேத்துகிட்ட போய் நின்னா. "ஏண்டி, நான் எவ்வளவு பேசியிருக்கேன். ஒரு தடவையாவது என் தலையில குடத்தைக் கவுத்திருக்கக் கூடாதா?" அப்படின்னா. சலேத்து சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே அழுதா. அந்த வாரத்துக்குள்ள லயத்துல எத்தனையோ டப்பி சாக்கடைக்குப் போச்சு. யார் யார் வீட்டுதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

சலேத்து பிள்ளையைக் கையில வாங்கி சாமி முன்னால நின்னா. சாமி பிள்ளை தலையில தைலம் பூசும்போது என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னா: "சரிக்கா. இப்போ சொல்றேன். மன்னிச்சேன்." ரெண்டு மாசம் ஆச்சு அவளுக்கு. சந்தால் அம்மாளுக்கு ஆனதைவிடக் குறைச்சல்தான்.

தொரை அவளை மறுபடி ஆயா வேலைக்குக் கூப்பிட்டார். அவ போகலை. "வேணாம் தொரை, எனக்குத் தூக்கம் வராது" அப்படின்னு சொல்லிட்டா. சில காயம் ஆறினாலும் அந்த இடத்துல தொடக்கூடாது. அதுவும் சரிதான்.

இப்போ 1936. பிராஞ்சீஸ்காவுக்கு ஒன்பது முடிஞ்சு பத்து நடக்குது. பூசையில முதல் நன்மை வாங்கிட்டா. என்னைவிட வேகமா வாசிப்பா. சலேத்தை அம்மான்னு கூப்பிடுவா, என்னையும் அம்மான்னு கூப்பிடுவா. யாரைக் கூப்பிடுறாள்னு எங்க ரெண்டு பேருக்கும் சந்தேகமே வராது. நான் வருஷத்துல நாலு தடவை பாவசங்கீர்த்தனம் செய்யுறேன். எதையும் மறைக்கிறதில்லை. ராத்திரி படுத்தா தூங்குறேன். இதை எல்லாம் எனக்குத் தந்தது என் தைரியம் இல்லை. கேட்டேன், தந்தார்.

இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மன்னிக்க முடியலையேன்னு வெக்கப்படாதீங்க. அர்ச்சிஷ்டவங்களுக்கே முடியாம இருந்திருக்கு. மனசு வேணும்னு கேளுங்க. கேக்கும்போது உங்களுக்கே தெரியாத ஒரு கதவை அவர் திறப்பார். அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு பார்த்துப் பயப்படாதீங்க. சில சமயம் மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க நாமளாவே இருப்போம். அதுவும் நல்லதுக்குத்தான். கேட்டுப்பாருங்க. அவர் கைவிட மாட்டார். என்னைக் கைவிடலை.

இதைப் படிச்சு முடிச்சதும் உக்காந்திருக்காதீங்க. எழுந்து போங்க. நீங்க போக வேண்டிய வீடு அதிக தூரத்துல இருக்காது.